வானத்தில் சொறி

நாலே முக்காலுக்குச்
சின்னப்பாலத்துக் கரையை விட்டு வத்தை கிளம்பியது.
பதினோரு பொம்பளைகள், ஒரு டீசல் கேன்,
சோத்துத் தூக்குகள்.
புள்ளிவாசல் தீவு கண்ணில் படும் முன்னே
நம்புத்தாய்தான் கை நீட்டினாள்:
'ஏய், வானத்துல சொறி.'

சனிமூலையில்,
தங்கச்சிமடத்து விளக்குகளுக்கு மேலே
நீலமாய், பாலாய்,
ஒரு குடை விரிந்துகொண்டிருந்தது.
நாங்கள் இருட்டில் இருந்தோம்.
அது மட்டும்
எங்களுக்கு இன்னும் வராத வெயிலில் நனைந்திருந்தது.
நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு
தன் விழுதுகளை உதறிவிட்டு
ஏறிக்கொண்டே போனது.
சத்தமே இல்லை.
எங்கள் இன்ஜின்தான் அதற்கும் சேர்த்துக் கத்தியது.

'ராக்கெட்டு' என்றான் வத்தைக்காரன் காளீஸ்,
வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்க மறந்து.
'நேத்தே சொல்லிவிட்டாங்க,
அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு.'
'நாம எந்தப் பக்கம் போனாலும்
போகாதேன்னுதான் சொல்றாங்க'
என்றாள் ஜெபமாலை.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச தூரம் போன பிறகு
எல்லோரும் சிரித்தோம்.

சொறியை எனக்குத் தெரியும்.
போன பங்குனியில் கழுத்தைச் சுற்றிவிட்டுப் போனது.
தாலிக்கயிறு கிடந்த இடத்தில்
மூன்று நாள் தீக்கயிறு கிடந்தது.
இது யாரைத் தொடப் போகிறதோ.

குடை
அரிசி கழுவிய தண்ணீராய்க் கலங்கி
வெறும் வானமானது.
நாங்கள் உடுத்தத் தொடங்கினோம்:
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை,
பத்து விரலுக்கும் கிழிந்த துணி,
ரப்பர் செருப்பு, அதோடு சேர்த்துக் கட்டிய
அலுமினியத் தட்டு,
நெற்றியை அமுக்கும் கண்ணாடி,
இடுப்பில் வலைப்பை.

மகள் ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினாள்.
அதிலே ஒருத்தன் இப்படித்தான் உடுத்தியிருந்தான்,
வெள்ளை வெள்ளையாய், மூட்டை மூட்டையாய்.
அவனுக்குக் கீழே பூமி கிடந்தது,
நம்ம கடல் மாதிரி நீலமாய்.
அவன் விழாமல் மிதந்தான்.
'என்னத்தப் பறிக்கப் போனான்?'
'பறிக்க இல்லம்மா. ஏதோ திருகாணி கழண்டிருச்சாம்.'
'கயித்த யாரு பிடிச்சிருக்கா?'
அவள் படத்தை விரலால் விரித்து விரித்துத் தேடினாள்.
கயிறு
படத்தின் ஓரத்தோடு முடிந்துவிட்டது.

குதித்தேன்.
அவன் மூச்சு முதுகில், பெட்டிக்குள்.
என்னுடையது நெஞ்சில் இருப்பதுதான்.
ராக்கெட்டுக்குப் பத்திலிருந்து கீழே எண்ணுவார்களாம்,
ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்ததும் புறப்பாடாம்.
நான் ஒன்றிலிருந்து மேலே எண்ணுகிறேன்.
பன்னிரண்டில் பாறை.
இருபதில் கஞ்சிப்பாசி, ஒரு பிடி.
முப்பத்தாறில் மரிக்கொழுந்துப் பாசி, விரல்துணி கிழிகிறது.
ஐம்பதில் காது இரைகிறது.
அண்ணாந்து பார்க்கிறேன்:
வத்தையின் அடிவயிறு,
அதைச் சுற்றித் தட்டுக் கட்டிய கால்கள்.

ஐம்பத்தெட்டில்
எனக்கும் வெயிலுக்கும் நடுவே
ஒரு சொறி, நிஜமான சொறி,
குடையை மூடி மூடித் திறந்து
அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

அது போகட்டும் என்று நிற்கிறேன்.
ஐம்பத்தொன்பது.
அறுபது.
அறுபத்தொன்று.