மூன்றரை அடி

வெளியால் அளந்தால் நாற்பத்தொரு அடி.
உள்ளே அறை அறையாய்க் கூட்டினால்,
கண்ணுக்குத் தெரிகிற சுவர்களையும் சேர்த்து,
முப்பத்தேழரை.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த டிலக்சன்
"எங்கயோ பிழைக்குது அக்கா" என்றான்.
மூன்றாம் முறையும் பிழைத்தது.

சுண்டிக்குளியில் இதைப் பாட்டிறிச்சு வளவு என்பார்கள்.
பார்ட்ரிட்ஜ் என்றொரு துரை
தன் ஊர்ப் பெரிய வீட்டை நினைவிலிருந்து வரைந்து
இங்கே கட்டினானாம்:
பனி வழுக்கி விழவென்று செங்குத்துக் கூரை,
வெயிலைக் கூப்பிட்டு இருத்தும் பிதுங்கிய யன்னல்,
கூடத்தில், குளிருக்கு,
ஒரு கணப்படுப்பு.
சித்திரை மாதத்தில் அதன் முன் நின்று
வியர்வை விழாமல் தாளைத் தள்ளிப் பிடித்து
உயரம் குறித்தேன்.

அதற்கும் பின்னறைக்கும் நடுவில்தான்
கணக்கு ஒளிந்திருந்தது.
சுரண்டினோம்.
துரையின் வெள்ளைப் பூச்சுக்குக் கீழே
ஒல்லாந்தரின் ஒடுங்கிய செங்கல்.
செங்கலுக்குப் பின்னால் முருகைக்கல்,
சிப்பி பதிந்தபடி,
யார் அடுக்கியதென்று ஒரு குறியும் இல்லை.
ஒன்றைத் திருப்பினால்
முகம் உட்பக்கமாய் வைத்துக் கட்டிய
பாதித் தாமரை.
மேசன் மரியதாஸ் உளியைக் கீழே வைத்தார்.
கனநேரம் கழித்து,
"இருந்த மாதிரியே வைப்பம்."

புகைபோக்கிக்குள் கையை விட்டேன்.
முழங்கை வரை கரி.
துரை எரித்திருக்க மாட்டான்;
இந்த ஊரில் யாருக்கு எப்போது குளிர்ந்தது?
உள் விளிம்பில் ஆணியால் கீறியிருந்தது:
பதினொரு குடும்பம். அரிசி இரண்டு கொத்து.
நாளைக்குத் தவமலர் முறை.
திகதி இல்லை.
செல் விழுந்த மூலையில் ஓட்டுக்குப் பதில் தகரம்.
அதுதான் திகதி.
நூறு வருடம் சும்மா நின்ற அடுப்பை
முதலில் மூட்டியவள்
தவமலரோ, அவளுக்கு முதல்நாள்காரியோ.

படிவத்தில் ஒரு கட்டம்: கட்டப்பட்ட ஆண்டு.
நான்கு இலக்கத்துக்கு இடம்.
ஓவசியர் குலவீரசிங்கம் கந்தோரிலிருந்து
இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்.
கூரை, தரை, நிலை, கதவு எல்லாம் எழுதியாயிற்று.
அந்தக் கட்டத்தில் பேனா வைத்தால்
மை ஊறுகிறது, எண் வருவதில்லை.

வரைபடத்தில் இப்படியான இடத்தை
சாய்கோடு போட்டு நிரப்பிவிடுவது வழக்கம்;
சுவர் என்று அர்த்தம்.
நான் நிரப்பவில்லை.
அளவை மட்டும் எழுதினேன்.
பக்கத்தில், சின்னதாய், பென்சிலால்,
ஓவசியர் பார்த்தால் அழிக்கச் சொல்லுவார்,
தவமலர் முறை.