இரும்பு இருக்கிறது

கோனியா சமவெளியில் எங்கள் ஊருக்கு
மழை ஒரு தூரத்து உறவு.
எப்போதாவது வரும், உட்காராமலே போகும்.

போன வருடம் நெஸிஹேவுக்கு
ஒரு மூட்டை பச்சை உப்பு விற்றேன்.
மலிவு.
அவள் கேட்டதும் அதைத்தான்,
நான் மறுக்காமல் கொடுத்ததும் அதைத்தான்.
பத்தே நாளில் மண்ணுக்குள் துருவாகிப் போனது.
பீன்ஸ் இலையெல்லாம் மஞ்சள்,
நரம்பில் மட்டும் பச்சை.

இந்த மே மாதம் கடைக்கு வந்தாள்,
செய்தித்தாளில் பொதிந்த மண்ணோடு.
காசைத் திருப்பிக் கேட்பாளோ என்று
கல்லாவை மெல்ல மூடினேன்.
அவள் கேட்டது கொஞ்சம் வினிகர்.

ஊற்றினாள்.
புஸ்ஸென்று நுரைத்தது வெள்ளை மண்.

"சுண்ணாம்பு," என்றேன்.
"இதில் இரும்பே கிடையாதா?"
"இருக்கிறது. வேருக்குத்தான் எட்டாது."

சிரித்தாள். மூச்சு வாங்கியது.
பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து
தராசின் மேல் வைத்தாள்.
மூன்று மாதமாக விழுங்குகிறாளாம்,
இன்னும் மாடிப்படி ஏற முடியவில்லையாம்.
எதோடு விழுங்குகிறாய் என்று
நேற்றுத்தான் கேட்டாளாம் நர்ஸ் பெர்ரின்.
எதோடு?
எல்லாரையும் போல, தேநீரோடு.

"ஆக, என் நிலமும் நானும்
ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்."

அவளுக்கென்று ஊற்றிவைத்த தேநீரை
மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

உள்ளறையிலிருந்து அந்த இன்னொரு பொடியை எடுத்துவந்தேன்,
காய்ந்த ரத்த நிறம்.
சுண்ணாம்பின் கண்ணில் படாமல்
இரும்பைக் கவ்விக்கொண்டுபோய்
வேரின் வாசலில் இறக்கிவிடும்.
விலை எட்டு மடங்கு.
அரைக் கிலோ நிறுத்தேன், கடனுக்கு.
"வெயில் தாழ்ந்த பிறகு ஊற்று.
வெளிச்சம் இதைக் கெடுத்துவிடும்.
மஞ்சளான இலை இனி திரும்பாது,
புதிதாக விடுவதை மட்டும் பார்."
கணக்கு நோட்டில்
போன வருட மூட்டையை அடித்துவிட்டேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் நடுவில் மறுபடி வந்தாள்.
விரல் இடுக்கெல்லாம் சிவப்புக் கறை,
சோப்புக்கும் போகாதது.
கொடியின் நுனியில் ஐந்து இலை பச்சை என்றாள்.
ஐந்துதான், எண்ணிவிட்டு வந்தாளாம்.

தேநீர்க் கோப்பையில் தண்ணீர் வைத்தேன்.
குடித்தாள். பிறகு குனிந்து
கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினாள்:
"பார், கொஞ்சம் சிவந்திருக்கிறதா?"

நான் உரம் விற்பவன்.
இருந்தாலும்
கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.