குடல் கணக்கு

தென்னம்பாளையம் மீன் சந்தையில்
ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்து
மீன் வேண்டாம், குடல் போதும் என்றாள்.
கிலோ என்ன விலை என்று வேறு கேட்டாள்.

குடலுக்கு ஏதுங்க விலை.
காக்காய்க்குக் கொஞ்சம், பூனைக்குக் கொஞ்சம்,
மிச்சத்தை வாத்துக்காரர் மாரப்பன்
டப்பாவில் அள்ளிக்கொண்டு போவார்.
நான் அறுக்கிற ஆள். கிலோவுக்கு இருபது ரூபாய்.
செதில் என் கையில், காசு என் முந்தியில்.

பெயர் அஸ்மா. விலங்கியல் படிக்கிறாள்.
ஒவ்வொரு குளத்து ஜிலேபியின் வயிற்றையும்
தனித்தனிக் கண்ணாடிப் புட்டியில் கேட்டாள்,
பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாதாம்.
அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் போனில் படம் காட்டினாள்.
முடியைவிட மெல்லிசாய்
நீலமாய் ஒன்று சுருண்டு கிடந்தது.
புழுவா என்றேன்.
நூலுங்கக்கா, என்றாள்.

நூலா.
பதினோரு வருசம் பனியன் கம்பெனிச் செக்கிங்கில் நின்றவள்
நூல் என்றால் விடுவேனா.
காட்டனா பாலியஸ்டரா என்றேன்.
நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க என்றாள்.
கொளுத்திப் பார்ப்போம் கண்ணு.
பஞ்சு காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்,
மற்றது உருகி மணியாய்த் திரளும்,
விரலில் ஒட்டினால் தோலோடுதான் வரும்.
அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
அவர்கள் லேபிலும் அதேதானாம்:
ஊசியைக் காய்ச்சி நுனியால் தொடுவார்களாம்,
சுருண்டு உருகினால்
நோட்டில் ஒரு கோடு.

நோட்டைப் பார்த்தேன்.
மீன் மூன்று: நீலம் ஏழு, சிவப்பு இரண்டு, நிறமில்லாதது பதினொன்று.
மீன் நான்கு: கறுப்பு ஐந்து.
ஆர்டர் ஷீட் மாதிரியே இருந்தது,
சைஸ் மட்டும்தான் இல்லை.

பாசி என்று நினைத்துத் தண்ணீர்ப்பூச்சி தின்னுமாம்,
பூச்சியைக் குஞ்சு, குஞ்சைக் கெளுத்தி.
தின்றது வயிறு நிறைந்ததாய்க் காட்டும்,
உடம்பில் ஒட்டாது.
பசியே தெரியாமல் இளைக்குமாம் சில மீன்கள்.
ஓவர்டைம் ராத்திரிகளில்
டீயும் பன்னும் தின்று நாங்கள் நின்றதுபோலவா
என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

குடலைத்தான் எடுத்துவிடுகிறோமே என்றேன்.
பெரிய மீனுக்குச் சரி, என்றாள்.
அவள் கண் எதிர்க்கடைப் பொடிமீன் தட்டில் இருந்தது.
பொடிமீனுக்கு யார் குடல் எடுக்கிறார்கள்,
எண்ணெயில் முழுசாய் மொறுமொறுவென்று.
என் பையன் தலையைக்கூட விடமாட்டான்.
மாரப்பன் போன வாரம் கொடுத்த
வாத்து முட்டைகளும் ஞாபகம் வந்தன.

சாயங்காலம் வீட்டில்
மகளின் ஸ்வெட்டர் ஊறிக்கொண்டிருந்தது,
செகண்ட்ஸில் நூற்றைம்பதுக்கு வாங்கியது, நீலம்.
அலசிய தண்ணீரை வெயிலுக்கு எதிரே
சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
செக்கிங் கண்ணுக்கே தெரியவில்லை.

சந்துச் சாக்கடை ஓடைக்கு, ஓடை நொய்யலுக்கு,
நொய்யல் எங்கேயெல்லாமோ.
வாளியைத் தூக்கியபடி நின்றேன்.
உள்ளேயிருந்து மகள், என்னம்மா என்றாள்.

கவிழ்த்தேன்.
வேறெங்கே வைப்பது.