பதினேழு கண்ணி

கம்பளி வேண்டாம், நிலோஃபர்.
ஐப்பசி மழையிலும் முதுகு வேர்க்கிற ஊர் இது.
பருத்தி நூல் போதும்.
கோடவுன் தெருவில் உருண்டை எழுபது ரூபாய்க்கு வாங்கினேன், வெள்ளை.
கறுப்பு அழகுதான்; ஆனால் நம்முடைய இந்த ட்யூப்லைட்டில்
கறுப்பை எண்ண முடியாது.

மூங்கில் ஊசி இரண்டு.
இரும்பு வழுக்கும்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தரையில் விழுந்தால்
கீழே தூங்கும் வாட்ச்மேன் சுதர்சனம்
திருடன் என்று எழுந்து ஓடுவார், வெளியே.

பதினேழு கண்ணி ஏற்று.
இறுக்காதே; ஊசி அதற்குள் திரும்ப நுழைய வேண்டும்.
நான்கு வரிசை சும்மா பின்னு, கரைக்கு.

ஒரு நிமிஷம்.

'குடிநீர் வாரியம், சொல்லுங்க.'
ஜாபர்கான்பேட்டை, முட்டுச்சந்து.
மெயின் பைப்பில் ஓட்டை. தெரு முழுக்கக் குளம்,
மாடிக் குழாயில் வெறும் காற்று.
புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.
பேனா தேடினார், கண்மை பென்சில் கிடைத்தது.

எங்கே விட்டேன்?
ஓட்டையில்.

லேஸ் என்பது அதுதான்,
வேண்டுமென்றே போடுகிற ஓட்டை.
முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னு.
பிறகு நூலை முன்னால் கொண்டுவந்து
ஊசிமேல் ஒரு சுற்று, எதையும் பிடிக்காத சுற்று.
அடுத்த இரண்டு கண்ணியிலும்
ஒரே குத்தாக நுழைந்து ஒன்றாக்கு.
சுற்று, சேர்.
சுற்று, சேர்.
எட்டு தடவை.
சுற்று ஒன்றைக் கூட்டும், சேர்ப்பு ஒன்றைக் கழிக்கும்.
ஓட்டை எட்டு, கண்ணி அதே பதினேழு.
அனுப்பிய லாரி பதினொன்று, போய்ச் சேர்ந்தவை ஒன்பது என்று
விடிய விடிய எழுதுகிற கைக்கு
நேராக வருகிற கணக்கு இது ஒன்றுதான்.

திரும்பும் வரிசை முழுக்கப் புறப்பின்னல்.
அதில் ஓட்டை கிடையாது, அது விரலுக்கு ஓய்வு.
ஆனால் தூங்கிவிடாதே.
சுற்றிய நூல் குறுக்கே சாய்ந்து கிடக்கும்,
கண்ணி மாதிரியே இருக்காது.
அதுவும் கண்ணிதான்.
நான் ஒரு மாதம் அதைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தேன்,
நூல்மேல் சந்தேகப்பட்டு
கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

பிறகு இந்த நீல நூல்.
பத்து வரிசை சரியாக வந்ததும்
தையல் ஊசியில் இதைக் கோத்து
எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓடவிட்டு அப்படியே விட்டுவிடு.
மேலே என்ன தப்பு நடந்தாலும்
ஊசியை உருவிப் பிரித்துக்கொண்டே வா,
பிரிவது நீலத்தில் வந்து நிற்கும்.
கல்யாணமாகி ஏழாம் மாதம்
பெரம்பூர் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு இறங்கினேனே,
அன்று எனக்கு யாரும் இதைக் கோத்து வைத்திருக்கவில்லை.
சரி, அது இருக்கட்டும்.

'குடிநீர் வாரியம்.
இல்லைங்க, கழிவுநீருக்கும் நாங்கதான்.'

ஊசியில் இருக்கும்வரை அழகாக இருக்காது,
முன்பே சொல்லிவிடுகிறேன்.
பிசைந்துபோட்ட இடியாப்பம்.
வீட்டில் யாராவது கரித்துணியா என்று கேட்பார்கள்.
முடித்ததும் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவை
(நம் குழாயில் ஆறு மணிக்குமேல் வரும்).
பிழியாதே, துண்டில் சுருட்டி அழுத்து.
தெர்மோகோல் அட்டையில் விரித்து
நாலு பக்கமும் இழுத்து, குண்டூசி குத்து.
அப்போது திறக்கும் ஒவ்வொன்றாக.
மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம்,
ஊசி எடுத்தபின்னும் மூடாது.

எங்கே, உன்னுடையதைக் காட்டு.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.
ஏற்றியது பதினேழு.
நாலு எங்கிருந்து வந்தது?
சுற்றினாய், சேர்க்க மறந்தாய்.
ஜாபர்கான்பேட்டைக்காரர் திரும்பக் கூப்பிட்டபோது.
சிரிக்காதே,
அவர் இன்னொரு தடவை கூப்பிடுவார்,
லாரி கிளம்பவே இல்லை.

உருவு.
நீல நூல் கோக்கவில்லையா?
அப்படியானால் முழுதும்.
ம், ஏற்று.
ஒன்று, இரண்டு.
போன் அடிக்கட்டும், நான் எடுக்கிறேன்.
மூன்று.