நான்காம் வட்டத்துக்கு, பிப்ரவரி

அன்புள்ள வட்டத்தாருக்கு,
ஈயக் குழாய் மாற்ற
இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
மண் இளகட்டும் என்கிறார் பொறியாளர்.
மே என்று எழுதி
ஜூன் என்று திருத்துகிறேன்.

பனி அள்ளும் வண்டி
உங்கள் வாசலை மூடிவிட்டுப் போவதாகப்
பதினேழு பேர் அழைத்தீர்கள்.
என் வாசலையும்தான்.

பதினான்காம் எண் பேருந்து
இனி ஞாயிறு ஓடாது. ஐந்துக்கு நான்கு.
அந்த ஐந்தில் நானும் ஒருத்தி.
இந்த வரியை மூன்று முறை அழித்தேன்.
இருக்கட்டும்.

ஓடெட் கங்காஸ் வந்திருந்தார்,
மருத்துவமனைச் சலவையறைச் சீருடையோடு.
மூன்று நிமிடம் பேசலாம்.
"ஞாயிறும் படுக்கை அழுக்காகும்" என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
சிவப்பு விளக்கு எரியும்வரை
ஒலிவாங்கி முன் நின்றார்.
சுப்பீரியர் ஏரிக் காற்று சன்னலை உலுக்கியது.
உட்காரச் சொல்ல விதியில் இடமில்லை.

குறிப்பெழுதும் வெர்ன் குனிந்து கேட்டார்:
இதை என்னவென்று பதிவது?
உரை என்றேன்,
முழு மூன்று நிமிடம்.

நூலகக் கூரை ஒழுகல் நின்றுவிட்டது.
ஞாயிறு காலை ஐந்தரைக்கு
என் காரில் மூன்று இருக்கை காலி.
இது நகராட்சி அறிவிப்பு அல்ல.

மார்லிஸ் ஹவுடலா