ஈய எழுத்து

அழகியமண்டபம் வளைவில்
லாரிகள் கியர் மாற்றும் இடத்தில்தான்
கல்லறைத் தோட்டத்தின் மதில்.
மாற்றும்போதெல்லாம் ஒரு இருமல்,
மதிலுக்கு மேலே ஒரு கறுப்பு மூச்சு.

நான் அளக்க வந்தவள்.
கையில் ஆழம் பார்க்கும் கருவி, பஞ்சு,
காய்ச்சி வடித்த நீர் ஒரு குப்பி.

சலவைக்கல்லைக் குடைந்து
ஈயத்தை அடித்து இறக்கிய எழுத்துகள்.
இறக்கிய நாளில் இரண்டும் ஒரே மட்டம்,
விரலை ஓட்டினால் பேர் தட்டுப்பட்டிருக்காது.
இன்று எழுத்து எழுந்து நிற்கிறது.
எழுத்து வளரவில்லை.
கல் இறங்கிப் போயிருக்கிறது.

எலிசபெத் ஞானாபரணம், வயது ஒன்பது மாதம்.
ஞா-வில் ஒன்றரை மில்லிமீட்டர்.
வயதில் இன்னும் கொஞ்சம் கூட.

புகையின் கந்தகம்
மழையோடு சேர்ந்தால் அமிலம்.
அது தொட்ட சுண்ணாம்பு ஜிப்சமாகிறது:
ஒடிந்த கைக்கு மாவுக்கட்டு,
பள்ளிக்கூடத்துக்கு சாக்பீஸ்,
எல்லாம் அந்தப் பொடிதான்.
நனைகிற பக்கம் கரைந்து வழிந்துவிடும்.
நனையாத இடத்தில், சிலுவையின் கக்கத்தில்,
கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு
பொருக்காகக் கறுக்கும்.
ஒரே கல்லில்
கரும்பலகையும் சாக்பீஸும்.

டயர் பார்க்க ஒதுக்கிய லாரியிலிருந்து
இறங்கி வந்தார் றசல்ராஜ்.
"கல்லுக்கும் சூக்கேடு வருமாக்கும்?"
"வரும்."
அவர் முதுகுக்குப் பின்னால், வண்டியில்,
துறைமுகத்துக்குப் போகிற பாறை.
காலையில் வெடிவைத்துப் பிரித்த மலை,
உடைந்த முகங்களில் இன்னும் ஈரம்.
"நம்ம சரக்கு தேயாது. கருங்கல்லாக்கும்."
சரிதான்.
அந்த மலை தேய்கிற வேகத்துக்கு
என் கருவியில் கோடு இல்லை.

உங்க புகைதான் அண்ணே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
மதிலோரம் என் ஸ்கூட்டர்,
புகைச் சான்றிதழ் போன மாசியோடு முடிந்தது.
பஞ்சைப் பிழிந்தேன்.
மைபோல இறங்கியது.

அவர் குனிந்து எழுத்துகளைத் தடவினார்,
கண் தெரியாதவர் வாசிப்பதுபோல, இடமிருந்து வலம்,
நடுவில் நின்று, திரும்பி வந்து.
"ஒம்பது மாசமா" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

வண்டியை மெல்ல எடுத்தார்.
ஹாரன் இல்லாமல், ஆக்சிலேட்டர் மிதிக்காமல்,
தூங்குகிற பிள்ளை இருக்கும் வீட்டு வாசலைக்
கடக்கிற மாதிரி,
முதல் கியரிலேயே மதில் முழுக்க.

சுமை ஏற்றிய லாரி
அப்படி ஊர்ந்தால்தான்
புகை கூடுதல்.