கெய்ரங்கரில் ஒன்பது மணி நேரம்

ருவைஸில் நாற்பத்தேழு டிகிரி.
ஏசி முனகும் இரவில்
எக்செல் தாளில் நார்வே விரிகிறது.

பெர்கன்: மீன் சந்தை, மலை ரயில்.
ஃப்லாம்: கப்பல்காரர்களே கூட்டிப் போனால்
ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் திர்ஹாம்.
நாமே டிக்கெட் எடுத்தால் பாதி.
ஆனால் ரயில் பிந்தினால்
கப்பல் நிற்காது
என்று செல்வின் சிவப்பில் எழுதுகிறார்.
ரிஃபைனரி ஷட்டவுனுக்கு அட்டவணை போட்ட கை.
படம் எடுக்கப் பன்னிரண்டு நிமிடம்,
கழிப்பறைக்குப் பத்து.

சாயங்காலம் மாலில் மழைக்கோட்டு கேட்டேன்.
கடைப் பையன் என்னை ஒருமுறை,
கண்ணாடிக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு
குடை இருக்கு மேடம், வெயிலுக்கு
என்றான்.

"கெய்ரங்கர்ல என்ன போடட்டும் ரெஜினா?
பஸ்ஸா, கயாக்கா?"

ஒன்றும் போடாதீங்க.

"ஒன்பது மணி நேரம் இருக்கு!"

இருக்கட்டும்.
பதினெட்டு வருசமா
லீவு முப்பது நாளையும்
கல்யாணம், ஞானஸ்நானம், பேங்க், பல் டாக்டர் என்று
கட்டம் கட்டித்தானே கரையிறங்கினோம்.
அன்றைக்கு நான் கப்பலை விட்டு இறங்கல.
மேல்தளத்துல கம்பியைப் பிடிச்சு நிப்பேன்.
மழை வந்தா வரட்டும்.

திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
கர்சர் மினுங்குகிறது.
பிறகு
அந்தக் கட்டத்தில் தட்டுகிறார்:
ரெஜினா, நனைதல், 09.00 முதல் 18.00 வரை.